உடம்பில் பரவிய பிறகும் மருந்து இருக்கு: உண்ணிக் கடியும் லைம் வருத்தமும்

(சென்ட் லோரன்டில், புதிதாக வந்த உறவுகளுக்காக நடந்த சுகாதாரத் தகவல் கூட்டத்தில் ஒரு தாதி ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



நான் டொக்ரர் இல்லை, தாதி. ஆனபடியால் இன்றைக்கு நான் மருந்து எழுதித் தரப் போவதில்லை. லைம் என்று ஒரு வருத்தம் இங்கே இருக்கு. அது உடம்பில் பரவினால் என்னென்ன நடக்கும், டொக்ரர்மார் அதற்கு என்ன செய்வினம், நீங்கள் அவையிட்ட என்ன சொல்லவேணும் என்பதைத்தான் பேசப் போறன்.

லைம் என்றவுடன் தேசிக்காயை நினைக்காதேங்கோ. அது அமெரிக்காவில் கனெக்ரிகட் மாநிலத்தில் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயர். 1975ஆம் ஆண்டளவில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கத் தொடங்கியது. பொலி மரே என்ற ஒரு தாய், தன் வீட்டில் யாருக்கு எப்போது என்ன வந்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தா. டொக்ரர்மார் பலர் அதைப் பெரிசாக எடுக்கவில்லை. அவ விடவில்லை, சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தா. அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி தொடங்கியது. 1982இல் வில்லி பேர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் கிருமியைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். சுருள் வடிவான ஒரு பக்ரீரியா அது. உண்ணியின் வயிற்றுக்குள் இருக்கும்.

உண்ணி எங்களுக்குப் புதுசில்லை. ஊரில் மாட்டிலும் நாயிலும் பிடுங்கி எறிஞ்சிருக்கிறம். இங்கே உள்ள கறுப்புக்கால் உண்ணி அதைவிடச் சின்னன். கோடை தொடக்கத்தில் வருகிற குஞ்சு உண்ணி கசகசா விதை அளவுதான். கடிச்சாலும் நோகாது, சொறியாது. கனபேருக்கு உண்ணி கடிச்சதே தெரியாது. ஆனபடியால் "எனக்கு ஒண்டும் கடிக்கேல்லை" என்று நீங்கள் சொல்வதை வைத்து டொக்ரர் இந்த வருத்தத்தைத் தள்ளி வைக்கக்கூடாது. நீங்களும் தள்ளி வைக்கக்கூடாது.

கனடா முழுவதற்கும் 2009இல் பதிவானது 144 பேர்தான். 2017இல் அது 2,000ஐத் தாண்டியது. குளிர் குறையக் குறைய உண்ணி வடக்கே ஏறி வருகிறது. கியூபெக்கில் அதிகமாக இருப்பது எஸ்திரி, மொன்ரெரெஜி பக்கம். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்துக் காட்டுப் பூங்காக்களிலும் இருக்கு.

இது எங்கட ஆக்களுக்கு ஏன் முக்கியம் என்றால், வந்த முதல் கோடையிலேயே கனபேர் விடிய வெள்ளன வானில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகினம். அந்த வான் போவது பெரும்பாலும் மொன்ரெரெஜிக்குத்தான். உழுத வயலுக்கு நடுவில் உண்ணி குறைவு. வயலோரப் பற்றை, உயர்ந்த புல்லு, காட்டு விளிம்பில் கிடக்கிற சருகு, சாப்பாட்டு நேரம் நிழலுக்குப் போய் இருக்கிற இடம், இதுகளில்தான் அது ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடிச்ச இடத்தில் 3 நாள் தொடக்கம் 30 நாளுக்குள் ஒரு தழும்பு வந்து மெல்ல மெல்ல அகலும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வரும். அந்த நேரமே மருந்து தொடங்கினால் விஷயம் லேசாக முடிஞ்சிடும். ஆனால் புத்தகங்களில் வருகிற படங்கள் வெள்ளைத் தோலில் எடுத்தவை. சிவந்த வட்டம், நடுவில் வெளிறல் என்று அழகாகக் காட்டுவினம். எங்கட தோலில் அது மண்ணிறமாக, ஊதாவாக, கண்டல் காயம் போலத் தெரியலாம். "எங்கையோ இடிபட்டிருக்கும்" என்று விட்டுவிடுவோம். முதுகில், தொடைக்குப் பின்னால் வந்தால் பார்க்கவும் மாட்டோம். கறுத்தத் தோல்காரருக்கு இந்த வருத்தம் பிந்தித்தான் பிடிபடுகிறது, மூட்டும் நரம்பும் பாதிக்கப்பட்ட பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளும் சொல்கின்றன. அதனால்தான் இன்றைய பேச்சில் பரவின கட்டத்தைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

கடித்துச் சில கிழமைகளோ மாதங்களோ கழித்துக் கிருமி இரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் போகும். போகிற இடங்கள் முக்கியமாக நாலு: தோல், நரம்பு, இருதயம், மூட்டு. தோலில் என்றால் முதல் தழும்பு வந்த இடத்தை விட்டு வேறு பல இடங்களிலும் தழும்பு வரும். அது பரவிவிட்டது என்பதற்கு அடையாளம்.

நரம்பைத் தாக்கினால் முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப் போகலாம். கண் மூடாது, வாய் கோணும், தண்ணி குடிச்சால் வழியும். சில பேருக்கு இரண்டு பக்கமும் வரும். கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, முதுகிலோ காலிலோ இரவில் கூடுகிற சுள்ளென்ற நோ, மரப்பு, இதுகளும் வரலாம். முகம் கோணினால் எங்கட வீடுகளில் உடனே எண்ணெய் தேய்க்கிறதும், வேப்பம்பத்திரம் அடிக்கிறதும், ஊருக்கு ரெலிபோன் எடுத்து வைத்தியம் கேட்கிறதும் நடக்கும். தேய்க்கிறதால் பெரிய கெடுதி இல்லை, ஆனால் நாள் போகும். அதோடு முகம் கோணுகிறது பாரிசவாதமாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க ஏலாது. 911ஐ அழையுங்கோ.

இருதயத்தைத் தாக்குவது குறைந்த பேருக்குத்தான். ஆனால் உயிருக்கு ஆபத்தானது அதுதான். இருதயம் துடிப்பதற்குப் போகிற மின் செய்தி பாதி வழியில் மறிபடும். தலைசுற்று, மயக்கம், படபடப்பு, படி ஏற மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ வரும். இளம் பெடியள் "சாப்பிடாமல் வேலை செய்தது, அதுதான் மயக்கம்" என்று விட்டுவிடுவினம். கோடையிலோ இலையுதிர் காலத்திலோ ஒரு இளம் ஆள் காரணம் இல்லாமல் மயங்கி விழுந்தால், அவர் புல்லுப் பக்கம் வேலை செய்தவர் என்பதை ஆஸ்பத்திரியில் யாராவது சொல்லியே ஆகவேணும்.

மூட்டு கடைசியாக வரும், பல மாதம் கழித்துக்கூட வரும். பெரும்பாலும் ஒரு முழங்கால். பெரிசாக வீங்கும், ஆனால் வீக்கத்துக்கு ஏற்ற நோ இராது. ஒக்ரோபரில், நவம்பரில், பனி கொட்டத் தொடங்கின பிறகு வருவதால் யாரும் ஜூன் மாதத்து உண்ணியை நினைக்க மாட்டார்கள்.

பரிசோதனையைப் பற்றி ஒரு விஷயம். இரத்தத்தில் பார்ப்பது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக எங்கட உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளை. அது உண்டாகச் சில கிழமை எடுக்கும். தழும்பு வந்த முதல் நாட்களில் பரிசோதனை செய்து "இல்லை" என்று வந்தால் அதை நம்பி இருக்கக்கூடாது. தழும்பைப் பார்த்தே டொக்ரர் மருந்து தரலாம். பரவின கட்டத்தில் பரிசோதனை நல்லாகக் காட்டும். சில பேருக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பினம். "அந்த ஊசி போட்டால் நடக்க ஏலாமல் போயிடும்" என்று ஒரு பயம் எங்கட சனத்திடம் இருக்கு. ஊசி குத்துகிற இடம் முள்ளந்தண்டு நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழே. ஒன்றிரண்டு நாள் தலையிடி வரலாம், அவ்வளவுதான் பெரும்பாலும்.

இனி மருந்து. இந்தக் கிருமி எங்கே போய் இருந்தாலும் சாதாரண அன்ரிபயோட்டிக்குக்குச் சாகும். விலை கூடின மருந்தோ, வருடக்கணக்கான மருந்தோ தேவையில்லை. முக்கியமான குளிசை டொக்சிசைக்ளின். இந்தப் பெயர் சில பேருக்குப் பழக்கமாக இருக்கும். எலிக்காய்ச்சல் வராமல் வயல் வேலை செய்கிறவர்களுக்கு இலங்கையில் கொடுக்கிற அதே குளிசைதான். அங்கே கிழமைக்கு ஒருமுறை, இங்கே வழமையாக 100 மில்லிகிராம் காலையும் மாலையும்.

எத்தனை நாள் என்பது எங்கே பரவியிருக்கு என்பதைப் பொறுத்தது. தோலில் பல தழும்பு என்றால் இரண்டு கிழமை அளவில் முடியும். முகம் கோணியிருந்தால் 14 தொடக்கம் 21 நாள், பெரும்பாலும் குளிசையே போதும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி என்றால் செவ்ற்றையக்சோன் என்ற ஊசி மருந்தை நாளுக்கு ஒருமுறை நாளத்துக்குள் ஏற்றுவினம், அல்லது டொக்சிசைக்ளின் குளிசையாகவே தருவினம். அதுவும் 14 தொடக்கம் 21 நாள்தான். இருதயத்தில் மின் செய்தி மோசமாக மறிபட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்து, இருதயத்தை 24 மணித்தியாலமும் மெசினில் பார்த்துக்கொண்டு, முதலில் ஊசி, துடிப்புச் சரிவந்த பிறகு மிச்ச நாளுக்குக் குளிசை. சிலருக்குத் தற்காலிகமாக ஒரு பேஸ்மேக்கர் தேவைப்படும். "வாழ்நாள் முழுக்க மெசின் வைக்கப் போகினம்" என்று பயந்து கையெழுத்து வைக்க மறுக்காதேங்கோ. மருந்து ஏறத் துடிப்புத் தானே திரும்பும், மெசினையும் எடுத்துப் போடுவினம். மூட்டுக்கு 28 நாள் குளிசை. ஊசி மருந்து தேவைப்பட்டாலும் முழு நாளும் ஆஸ்பத்திரியில் கிடக்கவேணும் என்றில்லை. நிலைமை தேறியவர்களுக்கு சி.எல்.எஸ்.சி. ஊடாகவும் நாளாந்தம் ஏற்றுவார்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ முதலே சொல்லுங்கோ. டொக்சிசைக்ளினுக்குப் பதிலாக அமொக்சிசிலின் போன்ற வேறு மருந்து தருவினம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஆட்களும் அப்படித்தான், முதலே சொல்லவேணும்.

மருந்து தொடங்கின முதல் நாள் சில பேருக்குக் காய்ச்சலும் குளிரும் உடம்பு உழைவும் கூடும். கிருமி சாகிறபோது வருகிற எதிர்வினை அது. ஒரு நாளில் அடங்கும். "மருந்து சூடு, ஒத்துக்கொள்ளேல்லை" என்று நிறுத்திப் போடாதேங்கோ. தோல் தடித்துச் சொறிந்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறினால் அது வேறு, அது ஒவ்வாமை. உடனே 911.

டொக்சிசைக்ளினை ஒரு முழுக் கிளாஸ் தண்ணியோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கோ. இல்லாவிட்டால் குளிசை தொண்டைக்குழலில் நின்று புண்ணாக்கும். படுக்கைக்குப் போகும்போது எச்சிலோடு விழுங்கிற பழக்கம் இதுக்குச் சரிவராது. பால், தயிர், இரும்புச் சத்துக் குளிசை, நெஞ்செரிவுக்கு எடுக்கிற கல்சியம், இதெல்லாம் மருந்தை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேணும். பால்தேத்தண்ணியும் பால்தான்! வெறுந்தேத்தண்ணி பரவாயில்லை. சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக் குமட்டல் குறையும். விரத நாளிலும் குளிசையை விடவேண்டாம். வெயில் சுடும். எங்கட தோல்தானே என்று நினைக்காமல் முழுக்கைச் சட்டை, தொப்பி போடுங்கோ.

கண் மூடாதவர்கள் கண்ணுக்குத் துளி மருந்து விட்டு, இரவில் இமையை மெல்ல மூடி ரேப் ஒட்டிப் படுக்கவேணும். இல்லாவிட்டால் கண்மணி காய்ந்து புண் வரும். முகம் திரும்பி வரக் கிழமைகள், சில வேளை மாதங்கள் எடுக்கும். மருந்து கிருமியைக் கொன்று வேறு இடத்துக்குப் போகாமல் மறிக்கும். நரம்பு தேறுகிறது அதன் பாட்டில்தான். பத்தாம் நாளும் முகம் கோணியிருக்கே என்று குளிசையை எறிய வேண்டாம். முழங்காலும் அப்படித்தான், வீக்கம் வடிய நாள் எடுக்கும். முதல் சுற்றில் போதிய சுகம் இல்லையென்றால் இன்னொரு சுற்று, குளிசையாகவோ ஊசியாகவோ தருவார்கள். அதற்கும் மேலே வீக்கம் நின்றால் அது கிருமி இல்லை, உடம்பின் சொந்த அழற்சி. மூட்டு வைத்தியரிடம் அனுப்பி வேறு மருந்து தருவார்கள்.

மருந்து முடிந்த பிறகும் நூற்றுக்கு ஐந்து பத்துப் பேருக்கு அலுப்பு, உடம்பு நோ, ஞாபகக் குறைவு மாதக்கணக்கில் இருக்கும். அவை பொய் சொல்லவில்லை, உண்மையில் கஷ்டப்படுகினம். ஆனால் இன்னும் இன்னும் அன்ரிபயோட்டிக் எடுப்பதால் அது மாறாது. நெதர்லாந்தில் 280 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வில், முதல் இரண்டு கிழமை ஊசிக்குப் பிறகு சில பேருக்கு 12 கிழமை அன்ரிபயோட்டிக்கும் சில பேருக்கு வெறும் மாக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் தேறியது. நெடுநாள் அன்ரிபயோட்டிக் குடலில் உள்ள நல்ல கிருமியையும் கொல்லும். சி. டிஃபிசில் என்ற வயிற்றோட்டக் கிருமி 2003, 2004இல் இந்த மாகாண ஆஸ்பத்திரிகளில் பரவி எத்தனையோ பேரைக் கொன்றதை இங்கே உள்ள தாதிமார் மறக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆறு மாதம் ஊசி போட்டுச் சுகப்படுத்துகிறோம், விசேஷ இரத்தப் பரிசோதனை செய்கிறோம் என்று காசு கேட்கிற இடங்கள் வட அமெரிக்கா எங்கும் இருக்கு. சீட்டுக் காசை எடுத்து அங்கே கட்டாதேங்கோ. மற்றப் பக்கத்தையும் யோசியுங்கோ. வழக்கு யோசனை, ஊரில் விட்டுவந்த பிள்ளை, அங்கே பட்ட அடி, நித்திரை இல்லாத இரவு, இதுகளும் உடம்பை நோகப் பண்ணும், அலுக்கப் பண்ணும். அதற்கும் இங்கே உதவி உண்டு. எல்லா அலுப்புக்கும் உண்ணிதான் காரணம் என்று பிடித்துக்கொண்டால் அந்த உதவி கிடைக்காமல் போகும்.

காசுக் கதைக்கு வருவோம். அகதிக் கோரிக்கைப் பத்திரம் கையில் இருந்தால் ஐ.எஃப்.எச்.பி. என்ற கூட்டாட்சி சுகாதாரத் திட்டம் உங்களுக்கு இருக்கு. டொக்ரர், ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை, அவசர அம்புலன்ஸ் எல்லாம் அதற்குள் வரும். மருந்தும் வரும், மருந்துச்சீட்டுக்குச் சிறு தொகை நீங்கள் கட்ட நேரலாம், பாமசியில் கேளுங்கோ. போகுமுன் "ஐ.எஃப்.எச்.பி. எடுப்பீர்களா" என்று கேட்டுவிட்டுப் போங்கோ, எல்லாக் கிளினிக்கும் எடுக்காது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 811ஐ அழுத்துங்கோ. எந்த நேரமும் ஒரு தாதி பதில் சொல்லுவா, காசில்லை. பிரெஞ்சில் உண்ணி "தீக்", வருத்தம் "மலாதி து லிம்". இந்த இரண்டு சொல்லும் "அன்ரெப்ரெத் தமூல்" என்பதும் தெரிந்தால் போதும், கடைசிச் சொல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேட்பது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதேங்கோ, முக்கியமாக இருதயக் கதைகளுக்கு.

டொக்ரரிடம் போகும்போது பொலி மரே செய்ததைச் செய்யுங்கோ. எந்த மாதம் எந்த ஊர்ப் பக்கம் வேலை செய்தது, எப்போது தழும்பு வந்தது, எப்போது காய்ச்சல், எப்போது முகம் கோணியது என்று ஒரு துண்டில் திகதியோடு எழுதிக் கொண்டுபோங்கோ. தழும்பைப் ஃபோனில் படம் எடுத்து வையுங்கோ, நீங்கள் போகும்போது அது மறைந்திருக்கும்.

கியூபெக்கில் 2003 முதல் இந்த வருத்தத்தைப் பொதுச் சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கவேணும் என்பது சட்டம். அதனால் ஒரு நாள் ரெலிபோன் வந்து "எங்கே கடித்தது" என்று கேட்கலாம். குடிவரவுக்காரர் இல்லை அவை. உண்ணி எந்த ஊரில் பரவுகிறது என்று அறியத்தான் கேட்கினம். பயந்து பொய் சொல்லவேண்டாம். நீங்கள் டொக்ரரிடம் சொல்வது இரகசியம். இந்த வருத்தம் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது, ஆகவே இதைச் சொல்வதால் உங்கட வழக்குக்கு ஒரு பாதிப்பும் இல்லை. வழக்கு விசாரணை நாளில் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் மட்டும் உடனே லோயருக்குச் சொல்லி, டொக்ரரிடம் திகதி போட்ட கடிதம் எடுத்து அனுப்புங்கோ. வேலை செய்த இடத்தில் கடித்தது என்றால் அதையும் டொக்ரரிடம் சொல்லுங்கோ. வேலை விபத்து நட்டஈட்டுக்கு அவர் எழுதித் தருகிற பத்திரம் வேணும்.

(உரை முடிந்ததும் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "பிள்ளை, ஒருக்கா வந்து சுகமாகினால் அம்மை மாதிரித் திரும்ப வராதுதானே?")

வரும் அம்மா. ஒருமுறை வந்ததால் காப்பு இல்லை. அடுத்த கோடையில் வேறு உண்ணி கடித்தால் முதலில் இருந்து தொடங்கும். இரத்தப் பரிசோதனையும் சுகமான பிறகு வருடக்கணக்கில் "இருக்கு" என்றுதான் காட்டும், அதைப் பார்த்துத் திரும்ப மருந்து கேட்க வேண்டாம். வேலையால் வந்தவுடன் குளித்து, உடுப்பைச் சூடான ட்ரையரில் போட்டு, முழங்காலுக்குப் பின்னால், அக்குள், கவடு, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கோ. உண்ணி ஒட்டியிருந்தால் மெல்லிய நுனியுள்ள ட்வீசரால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேரே மேலே இழுங்கோ. நெருப்புக்குச்சி, எண்ணெய், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் கிருமி ஏறும், ஆனபடியால் கண்டவுடன் எடுப்பது பாதி மருந்து. எடுத்ததை ஒரு சின்னப் போத்தலில் போட்டு, திகதி எழுதி வையுங்கோ. ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்த உண்ணி என்றால், எடுத்து மூன்று நாளுக்குள் பாமசிக்காரரிடம் போங்கோ. கடித்த இடத்தைப் பொறுத்து ஒரே ஒரு முறை எடுக்கிற டொக்சிசைக்ளின் அவரே தரலாம்.

போத்தல் இல்லையென்றால் ரேப்பில் ஒட்டி வைத்தாலும் சரி.